டெல்டா சாலைக்கு எத்தனை அங்குல வீல்?

முதல் செட் டயரில் பட்டன் (சாலையைத் தொடும் ரப்பர் மேடுகள்) தேய்ந்து, புது டயர் போடக் கடைக்குப் போனதும் ஒரு பேச்சு தவறாமல் வரும். "எப்படியும் நாலு டயர் மாத்தப்போறீங்க சார். கூடக் கொஞ்சம் போட்டா பதினாறு இஞ்ச் அலாய் போட்டுடலாம், வண்டி லுக்கே மாறிடும்." லுக் மாறும் என்பது உண்மைதான். கூடவே வேறு சிலதும் மாறும். அவை என்னென்ன என்று தெரிந்துவிட்டால், தஞ்சாவூரிலோ மன்னார்குடியிலோ மயிலாடுதுறையிலோ தினமும் ஓட்டும் காருக்கு எந்த அளவு சரி என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளலாம். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உங்கள் மாடலுக்குக் கம்பெனியே கொடுத்திருக்கும் அளவுகளில் சின்ன ரிம், உயரமான டயர். அவ்வளவுதான். ஏன் என்று இனிப் பார்ப்போம்.

டயரின் பக்கவாட்டில் 185/65 ஆர்15 88எச் என்பது போல ஒரு வரி இருக்கும். 185 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 65 என்பது உயரம், ஆனால் மில்லிமீட்டரில் இல்லை. அகலத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. 185-இல் 65 சதவீதம் என்றால் சுமார் 120 மி.மீ. ரிம்மின் விளிம்பிலிருந்து சாலையைத் தொடும் இடம் வரை இருக்கும் ரப்பர் சுவரின் உயரம் இதுதான். கடைக்காரர்கள் சைடுவால் என்பார்கள். ஆர் என்பது ரேடியல் கட்டுமானம். இன்று கார் டயர்கள் எல்லாமே அதுதான், கடந்து போகலாம். 15 என்பது ரிம்மின் விட்டம், அங்குலத்தில். 88, எச் இரண்டுக்கும் பிறகு வருகிறேன்.

ஒரே எண்ணில் மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம் மூன்றும் கலந்து கிடப்பதால்தான் பலரும் கடைசி எண்ணை மட்டும் பிடித்துக்கொண்டு 14, 15, 16 என்று பேசுகிறார்கள். உண்மையில் காருக்கு முக்கியம் சக்கரத்தின் மொத்த விட்டம். அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ரிம் அங்குலத்தை 25.4-ஆல் பெருக்கி, அதோடு சைடுவால் உயரத்தை இரண்டு தடவை கூட்டினால் போதும். மேலே சொன்ன டயருக்கு 381 மி.மீ. ரிம், அதோடு இரண்டு 120.25. மொத்தம் 621.5 மி.மீ.

இப்போது நம் ஊரில் அதிகம் ஓடும் அளவுகள் சிலவற்றை இதே கணக்கில் போட்டுப் பாருங்கள். ஸ்விஃப்டின் கீழ் வேரியண்ட்களில் வந்த 165/80 ஆர்14-க்கு 619.6 மி.மீ. வருகிறது. மேல் வேரியண்ட்டின் 185/65 ஆர்15-க்கு 621.5. பலேனோவின் மேல் வேரியண்ட்களில் வரும் 195/55 ஆர்16-க்கு 620.9. மூன்றுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு மில்லிமீட்டர் கூட இல்லை. ரிம் 14-லிருந்து 16-க்குப் போனாலும் சக்கரம் வளரவே இல்லை! அப்படியானால் கூடுதலாக வந்த இரண்டு அங்குலம் எங்கிருந்து வந்தது? சைடுவாலிலிருந்து. 14-இல் 132 மி.மீ. இருந்த ரப்பர் சுவர் 15-இல் 120 ஆகி, 16-இல் 107 ஆகிவிடுகிறது. அலங்காரத்துக்கு 205/45 ஆர்17 போட்டால் வெறும் 92 மி.மீ.; மூன்றரை அங்குலத்தைக் கொஞ்சம் தாண்டும்.

பெரிய வீல் போடுவது என்றால், காற்று இருந்த இடத்தில் உலோகத்தைக் கொண்டுவந்து வைப்பது. இதை மனதில் வைத்துக்கொண்டு நம் சாலைகளுக்கு வருவோம்.

திருச்சியிலிருந்து தஞ்சாவூர் வரை நான்கு வழிச் சாலையில் போகும்போது எந்த டயரும் நல்ல டயர்தான். டெல்டாவின் தினசரி ஓட்டம் அங்கே இல்லை. குடமுருட்டி, வெண்ணாறு, அரசலாறு, பாமணியாறு என்று எந்த ஆற்றங்கரைச் சாலையில் போனாலும், ஒரு பக்கம் ஆறு, மறுபக்கம் வயல், நடுவில் ஒன்றரை வண்டி அகலத்துக்குத் தார். எதிரே டவுன் பஸ் வந்தால் இடது சக்கரங்களை மண்ணில் இறக்கித்தான் ஆக வேண்டும். மழை அரித்த இடங்களில் தார் விளிம்பு மூன்று நான்கு அங்குலம் கத்தி போல நிற்கும். பஸ் போன பிறகு திரும்பத் தாரில் ஏறும்போது அந்த விளிம்பு உரசுவது சைடுவாலில்தான்.

அப்புறம் மதகுகள். கொஞ்ச தூரத்துக்கு ஒரு வாய்க்கால், ஒவ்வொரு வாய்க்காலுக்கும் ஒரு சின்னப் பாலம். பாலம் கான்கிரீட், அசையாது. அதன் இருபுறமும் சாலை உட்கார்ந்திருப்பது வண்டல் களிமண் மேல். தண்ணீர் வந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். சில வருடங்களில் சாலை இறங்கிவிட, பாலத்தின் விளிம்பு ஒரு படி போல மேலே நிற்கும். இரவில் தெரியாமல் அறுபதில் போனால் முன் சக்கரம் நேராக அந்தப் படியில் மோதும். அறுவடைக் காலத்தில் பாதிச் சாலையில் நெல் காயும். நெல்லைச் சுற்றி வண்டி ஏறாமலிருக்க வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். நெல்லை வாரிய பிறகும் கல் பல இடங்களில் அங்கேயே கிடக்கும். சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரத்தைக் கழற்றாமல் டிராக்டர்கள் தாரில் ஓடிக் கீறிய தடங்கள் தனி.

இந்த மோதல்களில் டயருக்குள் நடப்பது இதுதான். கல்லோ படியோ ரப்பரை உள்நோக்கி அழுத்துகிறது. உயரமான சைடுவால் மடங்கி அந்த அடியை வாங்கிக்கொண்டு நிமிர்ந்துவிடும். சைடுவால் குட்டையாக இருந்தால் மடங்க இடமில்லை. ரப்பர், கல்லுக்கும் ரிம் விளிம்புக்கும் நடுவில் நசுங்கும். உள்ளே இருக்கும் நூல் அடுக்கு அறுந்துபோனால் வெளியே ஒரு புடைப்பு தெரியும். டயர் வீங்கிவிட்டது என்கிறோமே, அது. அந்த டயருக்குப் பஞ்சர் போட முடியாது, எவ்வளவு பட்டன் மிச்சம் இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். அடி இன்னும் பலமாக இருந்தால் ரிம்மே வளையும் அல்லது விரிசல் விடும். 132 மி.மீ.க்கும் 92 மி.மீ.க்கும் உள்ள வித்தியாசம் கண்ணுக்கு அழகு சம்பந்தப்பட்டது போலத் தெரியும். வலங்கைமான் பக்கம் இரவில் ஒரு மதகில் ஏறி இறங்கும்போது அது பணம் சம்பந்தப்பட்டது.

பெரிய ரிம்முக்கு நல்ல பக்கமே இல்லையா என்றால், இருக்கிறது. சைடுவால் குட்டையானால் வளைவில் டயர் குறைவாக நெளியும், ஸ்டியரிங் திருப்பியதும் வண்டி உடனே கேட்கும். அகலமான டயர் காய்ந்த சாலையில் நன்றாகப் பிடிக்கும். வாரத்தில் பாதி நாள் சென்னைக்கு நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் இதை உணர்வார். ஆனால் திருவாரூரிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு ஐம்பதில் போகிறவருக்கு அந்த லாபம் கையில் கிடைப்பதே இல்லை; நஷ்டம் மட்டும் தினமும் கிடைக்கும்.

அகலம் பற்றி ஒரு பொதுவான தப்பெண்ணம் உண்டு: அகலமான டயர் மழையில் வழுக்காது என்று. ஐப்பசி, கார்த்திகையில் சாலையில் தண்ணீர் தேங்கி நிற்கும்போது நடப்பது பெரும்பாலும் நேர்மாறு. டயர் முன்னேற வேண்டுமானால் எதிரே உள்ள தண்ணீரை இரண்டு பக்கமும் ஒதுக்க வேண்டும். டயர் அகலமாக ஆக, ஒதுக்க வேண்டிய தண்ணீரும் அதிகம். ஒதுக்க நேரம் போதாத வேகத்தில் டயர் தண்ணீர் மேலேயே ஏறி மிதக்க ஆரம்பிக்கும். அந்த நொடியில் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பெயருக்குத்தான். காற்றழுத்தமும் பட்டன் ஆழமும் சமமாக இருந்தால் குறுகிய டயர் இந்த நிலைக்குக் கொஞ்சம் தாமதமாகவே வரும். வயலிலிருந்து டிராக்டர் இழுத்துவந்த களிமண் மேல் மழை பெய்தால் பட்டன் பள்ளம் எல்லாம் அடைத்துக்கொள்ளும், அதற்கு எந்த அகலமும் மருந்தில்லை, மெதுவாகப் போவதுதான் வழி. புது டயரில் ஏழெட்டு மி.மீ. ஆழம் இருக்கும்; 1.6 மி.மீ.க்குக் கீழே போனால் சட்டப்படியே ஓட்டக்கூடாது. ஆனால் அந்த எல்லை வரை காத்திருப்பது டெல்டாவுக்குச் சரிவராது. மூன்று மில்லிமீட்டர் நெருங்கியதும், வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால், புரட்டாசிக்குள் மாற்றிவிடுவது நல்லது. அகலமான டயர் எடையும் உருளும் தடையும் கூட்டுவதால் மைலேஜ் கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வகை ஆசை, ரிம்மை அப்படியே வைத்துக்கொண்டு ஒரு அளவு பெரிய டயர் போடுவது. வேகத்தடையில் அடி தட்டுகிறது என்று சலித்துப்போனவர்கள் இதைக் கேட்பார்கள். 185/65 ஆர்15 இருந்த இடத்தில் 195/65 ஆர்15 போட்டால் விட்டம் 634.5 மி.மீ. ஆகிறது, 13 மி.மீ. கூடுதல். ஆனால் வண்டி உயர்வது அதில் பாதி, ஆறரை மி.மீ.தான். மீதிப் பாதி அச்சுக்கு மேலே, மட்கார்டு பக்கம் போய்விடும். விட்டம் சுமார் 2 சதவீதம் கூடுவதால், மீட்டர் 100 காட்டும்போது முன்பு ஓடியதைவிட 2 கி.மீ. கூடுதல் வேகத்தில் ஓடிக்கொண்டிருப்பீர்கள். ஓடோமீட்டர் அதே அளவு குறைத்துக் காட்டும், மைலேஜ் கணக்கும் அதனால் பிசகும். இந்த அளவு மாற்றத்தைப் பொதுவாக வண்டி தாங்கும். 3 சதவீதத்தைத் தாண்டினால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடிக்கும்போது உள்ளே உரசுவது, ஐந்து பேர் உட்கார்ந்தால் பின்சக்கரம் மட்கார்டில் தேய்வது, எடுப்பு மந்தமாவது எல்லாம் தொடங்கும். உரசுகிறதா என்று காலி வண்டியில் பார்த்துப் பயனில்லை; ஆட்களை ஏற்றிப் பாருங்கள். ஆறரை மில்லிமீட்டருக்காக இத்தனை பாடு தேவையா என்பது உங்கள் விருப்பம். எனக்குத் தேவையில்லை.

இப்போது விட்டுவைத்த 88, எச். 88 என்பது கிலோ கணக்கல்ல, ஒரு குறியீட்டு எண். 88 என்றால் ஒரு டயர் 560 கிலோ தாங்கும்; 87 என்றால் 545, 85 என்றால் 515, 84 என்றால் 500. எச் என்பது வேக வரம்பு, மணிக்கு 210 கி.மீ.; டி என்றால் 190. வேக எழுத்தைப் பற்றி நம் ஊரில் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம், கம்பெனி கொடுத்ததற்குக் கீழே இறங்காமல் இருந்தால் போதும். எடை எண்ணில்தான் விஷயம் இருக்கிறது. 205/45 ஆர்17 டயரின் சாதாரண வகை பெரும்பாலும் 84. பார்க்கப் பெரிதாக இருக்கும் அந்த டயர், ஒல்லியான 165/80 ஆர்14 தாங்கும் எடையைக் கூடத் தாங்காது! காரணம் எளிது: எடையைத் தாங்குவது ரப்பர் இல்லை, உள்ளே அடைபட்டிருக்கும் காற்று. சைடுவால் குறைந்தால் காற்றுக்கு இடம் குறைகிறது. எக்ஸ்எல் என்று அச்சிட்ட பலப்படுத்திய வகையில் எண் 88 ஆகும், ஆனால் அந்த எடையைச் சுமக்க அதற்குக் கூடுதல் காற்றழுத்தம் தேவை. கூடுதல் அழுத்தம் என்றால் குலுக்கலும் கூடுதல். பொங்கலுக்கு ஊருக்குப் போய்த் திரும்பும்போது ஐந்து பேரோடு டிக்கியில் இரண்டு மூட்டை அரிசியும் ஏறும் வீடுகள் நம்முடையவை. பின் அச்சுக்கு வரும் பாரம் சாதாரணமில்லை. பழைய டயரில் இருந்த எடை எண்ணுக்குக் கீழே எந்தக் காரணத்துக்காகவும் போகாதீர்கள்.

ரிம் மாற்றுவதென்றே முடிவு செய்துவிட்டால், அங்குலம் தவிர நான்கு விவரங்கள் பொருந்த வேண்டும். போல்ட் வட்டம் முதலாவது. மாருதி, ஹூண்டாயின் பல சின்ன கார்களில் அது 4x100, அதாவது 100 மி.மீ. விட்ட வட்டத்தில் நான்கு துளைகள். இன்னோவாவில் 5x114.3. இது பொருந்தாவிட்டால் ரிம் ஏறவே ஏறாது, அதனால் இதில் யாரும் ஏமாறுவதில்லை. ஏமாறுவது அடுத்ததில். ரிம்மின் நடுத்துளை, ஹப்பின் (வண்டியில் ரிம்மை மாட்டும் சுழலும் பாகம்) மேடான பகுதியில் இறுக்கமாக உட்கார வேண்டும். கடையில் கிடைக்கும் பொது ரிம்களில் துளையைப் பெரிதாகவே வைத்திருப்பார்கள், எல்லா வண்டிக்கும் ஆகட்டும் என்று. இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும். போடாமல் விட்டால் ரிம் நூலிழை தள்ளி உட்காரும், எண்பது தொட்டதும் ஸ்டியரிங் நடுங்கும். பேலன்சிங் எத்தனை தடவை செய்தாலும் போகாத நடுக்கம் என்று அலைகிறவர்கள் முதலில் இந்த வளையத்தைக் கேட்டுப் பார்க்கலாம்.

மூன்றாவது ஆஃப்செட். ரிம்மின் அகலத்துக்கு நடுவில் ஒரு கோடு போட்டால், ஹப்பில் ஒட்டும் முகம் அந்தக் கோட்டிலிருந்து எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் இருக்கிறது என்ற அளவு. ரிம்மில் ஈடி45 என்பது போலப் பொறித்திருக்கும். இந்த எண் குறையக் குறைய வீல் வெளியே துருத்தும். அதைத்தான் சிலர் கெத்து என்கிறார்கள். வெளியே தள்ளிய வீல் பேரிங்கையும் சஸ்பென்ஷன் மூட்டுகளையும் நெம்பிக்கொண்டே இருக்கும், சேற்றை வாரிக் கதவெல்லாம் அடிக்கும். பழைய ரிம்மின் எண்ணிலிருந்து ஐந்து மி.மீ.க்கு மேல் விலகாமல் வாங்குவது உத்தமம். நான்காவது ரிம்மின் அகலம். 5.5ஜே என்றால் ஐந்தரை அங்குலம். 185/65 ஆர்15-க்கு 5 முதல் 6.5 வரை ஆகும், 195/55 ஆர்16-க்கு 5.5 முதல் 7 வரை. குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அது நடுவில் உப்பி, நடுப்பட்டன் மட்டும் தேயும்.

பெரியதிலிருந்து சின்ன ரிம்முக்கு இறங்குபவர்கள் வேறொன்றைப் பார்க்க வேண்டும்: உள்ளே பிரேக் காலிப்பர் (பிரேக் தட்டைக் கவ்விப் பிடிக்கும் பாகம்) இடிக்காமல் ரிம் சுற்றுகிறதா என்பது. ஒரே மாடலின் மேல் வேரியண்ட்டில் பெரிய பிரேக் இருந்தால் கீழ் வேரியண்ட்டின் ரிம் அதில் ஏறாமல் போகலாம். ஒரு ரிம்மை மாட்டிக் கையால் சுற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சட்டப் பக்கமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, கம்பெனி குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. உங்கள் மாடலின் ஏதாவது ஒரு வேரியண்ட்டில் கம்பெனி கொடுத்த அளவுக்குள் நின்றுகொண்டால் வாரண்டி, இன்ஷூரன்ஸ் இரண்டிலும் பேச்சு குறையும்.

இரும்பா அலாயா என்ற கேள்விக்கு நான் இரும்புப் பக்கம். இரும்பு ரிம் அடிபட்டால் வளையும். வளைந்ததைத் தட்டி நிமிர்த்தி வீடு வந்து சேரலாம். அலாய் ஒரு அளவு வரை அசையாது, அதைத் தாண்டினால் விரிசல் விடும். விரிசலுக்கு வெல்டிங் வைத்துத் தருகிறோம் என்பார்கள், முன் சக்கரத்தில் அதை நம்பி மாட்ட எனக்கு மனம் வராது. ஆனால் நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல். உப்புக் காற்றில் இரும்பு ரிம்மின் உள்விளிம்பு துருப்பிடித்துச் செதில் செதிலாகும். டியூப்லெஸ் டயர் அந்த விளிம்பில் ஒட்டித்தான் காற்றைப் பிடிக்கிறது என்பதால், பஞ்சரே இல்லாமல் காற்றழுத்தம் வாரத்துக்கு நாலைந்து பி.எஸ்.ஐ. இறங்கிக்கொண்டிருக்கும். டயர் மாற்றும்போது ரிம் விளிம்பைச் சுரண்டிச் சுத்தம் செய்து பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். அலாயும் உப்புக்குத் தப்பாது. கல் பட்டு மேல்பூச்சு உரிந்த இடத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்கும்.

கிடைப்பது பற்றியும் யோசிக்க வேண்டும். 165/80 ஆர்14, 185/65 ஆர்15 இரண்டும் நம் வட்டாரத்தில் ஏராளமான கார்களில் ஓடுகின்றன, அதனால் ஒரத்தநாட்டிலோ சீர்காழியிலோ டயர் கிழிந்தாலும் அன்றைக்கே வேறொன்று வாங்கிப் போட வாய்ப்பு அதிகம். 17 அங்குல லோ புரொஃபைல், அதாவது சைடுவால் குட்டையான டயர் என்றால் திருச்சிக்குப் போன் போட்டு லாரி சர்வீஸில் வரவழைக்க நேரிடலாம். அதுவரை ஸ்டெப்னியில் ஓட்ட வேண்டும். 15 அங்குலத்தில் ஓடும் பல கார்களின் டிக்கியில் 14 அங்குல ஸ்டெப்னி இருப்பதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். மொத்த விட்டம் ஒன்றுதான் என்பதால் அது செல்லும், தற்காலிகமாக. நீங்கள் விட்டத்தையே மாற்றியிருந்தால் பழைய ஸ்டெப்னி அந்தத் தகுதியை இழந்துவிடும். ஒரே அச்சில் ஒரு சக்கரம் பெரிதும் ஒன்று சின்னதுமாக ஓடினால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். சென்சாரும் குழம்பும். அலாய் வாங்கும்போது பட்ஜெட்டில் ஸ்டெப்னியைச் சேர்க்காமல் விடுவதுதான் வழக்கம் என்பதால் சொல்கிறேன்.

கடையில் டயரைக் கையில் வாங்கியதும் தயாரிப்புத் தேதியைப் பாருங்கள். சைடுவாலில் ஒரு நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும்: 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். ஒரு வருடத்துக்கு மேல் கடையில் கிடந்த டயருக்குப் புது விலை கொடுப்பானேன்? இரண்டு டயர் மட்டும் மாற்றுவதானால் புதியவை பின்னால் போகட்டும். முன் சக்கரம் இழுக்கும் வண்டிக்குப் புது டயர் முன்னால்தானே என்று பலரும் வாதிடுவார்கள். ஈரச் சாலையில் முன்பக்கம் வழுக்கினால் வேகத்தைக் குறைத்துச் சமாளிக்கலாம், பின்பக்கம் வழுக்கினால் வண்டி சுற்றிவிடும்.

காற்றின் அளவுக்கு ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்தான் அத்தாட்சி. டயரில் பொறித்திருப்பது அதிகபட்ச அழுத்தம், அதை நிரப்பக்கூடாது. ஆள் நிறைந்தால் எவ்வளவு என்பதும் அந்த ஸ்டிக்கரிலேயே இருக்கும். காலையில் ஓட்டுவதற்கு முன்னால், டயர் சூடாகாதபோது பார்ப்பதுதான் கணக்கு. சித்திரை வெயிலில் நாற்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு பங்க்கில் பார்த்தால் சில பி.எஸ்.ஐ. ஏறித்தான் காட்டும், அதிகம் இருக்கிறதே என்று இறக்கிவிட்டால், மறுநாள் காலை குறைந்த காற்றோடு மதகு ஏறுவீர்கள். சைடுவால் எவ்வளவு உயரமாக இருந்தாலும் உள்ளே காற்று குறைந்தால் அதுவும் குட்டை டயர் போலத்தான் அடி வாங்கும்.

புது டயர் மாட்டியதும் அலைன்மென்ட் பார்த்துவிடுங்கள். ரிம்மும் மாறியிருந்தால், நூறு கிலோமீட்டருக்குள் கடைக்குத் திரும்பப் போய், நட்டுகளைக் குறித்த இறுக்கத்துக்கு ஒரு தடவை சரிபார்க்கச் சொல்லுங்கள். புது அலாயில் முதல் ஓட்டத்துக்குப் பிறகு நட்டு கொஞ்சம் தளர்வது உண்டு. பழைய இரும்பு ரிம்மின் நட்டு எல்லா அலாய்க்கும் பொருந்திவிடாது, அதன் சாய்முகம் ரிம்மின் குழியில் சரியாக உட்காருகிறதா என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளலாம்.